முதலிலிருந்து வாசி

முதலில் சத்தம்தான் கேட்டது, அண்ணாச்சி. ஆளைப் பார்க்கவில்லை.

எனக்கு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. பத்தொன்பது வருஷமாகப் பகலில்தான் தூக்கம். அன்றைக்குச் சாயங்காலம் நாலரை இருக்கும், தூக்கத்துக்குள்ளே ஒரு குரல் வந்தது. யாரோ வாசிக்கிற குரல். ரேடியோ என்று நினைத்தேன். ஒரு கழுதை பேசியது. அதற்கு ஒரு கப்பல் கேப்டன் பதில் சொன்னான். கழுதைக்கு மூக்கடைத்த குரல். கேப்டனுக்கு வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். நடுநடுவே இன்னொரு ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். நல்ல நிகழ்ச்சியாக இருக்கிறதே, எந்த ஸ்டேஷன் என்று யோசித்துக்கொண்டே புரண்டு படுத்தேன். புரண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு இடது கால் ஆடும், சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பையைத் திறந்து அந்தப் படம் போட்ட புத்தகத்தை நீட்டி, வாசிக்கப் பிடிக்காத பிள்ளைக்கும் பிடித்துப்போகும் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நான் உள்ளி உரித்துக்கொண்டே பேசுகிறேன், வெங்காய வாடை அடிக்கும், தப்பாக எடுக்காதீர்கள். கொஞ்சம் குரலைத் தாழ்த்தியே பேசுவோம். இன்றைக்குச் சனிக்கிழமை, பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் பின்பக்கம் இருக்கிறார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

லிகோரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி ரோஸ்லின், எதைத் தொட்டாலும் லிகோரியில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள் என்பாள். நான் முடிக்கவில்லை, அண்ணாச்சி. அவன் தொடங்கிவைத்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் கோயில் திருவிழாப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா உப்பளத்தில் கூலி. எங்கள் வளவு வீடுகளிலிருந்து அதுவரை ஒருத்தரும் அந்த மைக் முன்னால் நின்றதில்லை. அம்மா புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தாள். ஏழு வரி நன்றாகவே வாசித்தேன். ஏழு வரி, சும்மா சொல்லவில்லை. எட்டாவது வரியில் ஒரு ராஜாவின் பெயர் வந்தது. அந்நிய தேசத்து ராஜா. சரக்கு ரயில் மாதிரி நீளமான பெயர். முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டேன். மறுபடி தொடங்கினேன், மறுபடி நின்றேன். மூன்றாம் தடவை வாயைத் திறக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது.

லிகோரியின் கை. அவனுக்குப் பதினேழு வயது, பாட்டுக் குழுவில் இருந்தான். மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். என் தலைக்கு மேலாகப் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பெயரைப் படாரென்று சொன்னான். சொன்னவன் அதோடு விட்டானா, மிச்சத்தையும் அவனே வாசித்தான். எனக்கு இறங்கத் தெரியவில்லை. எந்தப் பக்கமாக இறங்குவது என்று தெரியவில்லை. அவன் முடிக்கிற வரைக்கும் அவன் இடுப்புக்குப் பக்கத்தில் புதுச்சட்டையோடு நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது.

அடுத்த நாளிலிருந்து நான் ராசா. "வாங்க ராசா", "என்ன ராசா, வேலைக்கா". வெளியாள் கேட்டால் ஏதோ செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். என் பெயர் தொபியாஸ். கம்பெனி அட்டையில் தவிர வேறு எங்கேயும் அது கிடையாது. முப்பத்திரண்டு வருஷம், அண்ணாச்சி.

பள்ளிக்கூடத்தை மறுவருஷம் விட்டேன். அதற்கும் அவன்தான் காரணம். ஆனால் வாசிப்பை விடவில்லை. ஐஸ் கம்பெனியில் கேனில் தண்ணீரை ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டால், உறைகிற வரைக்கும் ஆளுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். நான் வாசிப்பேன். மீன் பொதிந்து வந்த பேப்பர், மருந்துச் சீட்டு, கிழிந்த பஞ்சாங்கம், அப்புறம் நூலகத்தில் ஒவ்வொன்றாக. ஒரு அலமாரி முடிந்தால் அடுத்த அலமாரி. இன்றைக்கு எந்த ராஜாவின் பெயரைக் கொடுத்தாலும் நிற்காமல் சொல்வேன். யார் கேட்கிறார்கள்.

பழி வாங்குகிற புத்தி எனக்குக் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை, லிகோரி மகள் கல்யாணத்துக்கு எங்கள் கம்பெனியில் ஐஸ் கேட்டிருந்தார்கள். கேனில் பொத்தல் இருந்தால் தொட்டித் தண்ணீர் உள்ளே இறங்கி, ஐஸ் பார் உப்புக் கரிக்கும். பார்வைக்கு மற்றதைப் போலவே இருக்கும். அப்படி மூன்று பாரைத் தனியாக எடுத்துவைத்து அனுப்பினேன். பந்தியில் முந்நூறு பேர் சர்பத்தைக் குடித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவும் போதவில்லை என்பது வேறு விஷயம். யார் செய்தது என்று தெரியாத பழி பாதிப் பழிதானே.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஜோவிட்டா. பத்து வயது. அவள் பிறந்து, நர்ஸ் கையில் கொடுத்த அன்றைக்கே முடிவு செய்தேன். இவள் அந்த மைக் முன்னால் நிற்பாள். அதே வாசகத்தை வாசிப்பாள். அந்த ராஜாவின் பெயரை லிகோரி முகத்துக்கு நேராகச் சொல்வாள். இதை அவளிடம் மறைக்கவில்லை. மூன்று வயதிலிருந்து சொல்லித்தான் வளர்த்தேன். மற்ற வீடுகளில் நரிக் கதை சொல்வார்கள், நான் லிகோரிக் கதை சொன்னேன்.

ஆனால் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை. அதுதான் என் தலையெழுத்து. நானும் என்னென்னவோ செய்தேன். உங்களை மாதிரி ஒருவரிடம் பன்னிரண்டு புத்தகம் எடுத்தேன், எல்லாம் கெட்டி அட்டை, வண்ணப் படம். காலையில் ஆறரைக்கு வேலையிலிருந்து வருவேன். வந்ததும் அவளை உட்காரவைப்பேன். எட்டு மணி வரைக்கும் வாசிப்பு, அப்புறம்தான் இட்லி. தப்பு விட்டால் நான் அடிக்க மாட்டேன். கையை ஓங்கியதே கிடையாது. "முதலிலிருந்து வாசி" என்பேன், அவ்வளவுதான். பக்கத்தின் கடைசி வரியில் தப்பு வந்தாலும் முதலிலிருந்துதான். மைக் முன்னால் பாதியிலிருந்து தொடங்க முடியுமா.

பிள்ளை சுடுமணலில் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி வாசிப்பாள். ஒரு சொல், ஒரு நிறுத்தம், என் முகத்தைப் பார்ப்பது. மறுபடி ஒரு சொல். ஆறே கால் ஆகிவிட்டால் வயிற்றுவலி வரும். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். ரோஸ்லின் ஒருநாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள், பிள்ளையைக் கொஞ்சம் விடுங்களேன் என்று. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். கேட்டது தப்பில்லையே. அவளுக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியாது. சின்ன வயதிலேயே இறால் உரிக்கப் போனவள். கையெழுத்துப் போடுவாள், பஸ் நம்பர் பார்ப்பாள். வாசிப்பின் அருமை அவளுக்கு எப்படித் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். டீச்சர் சின்னப் பெண். "ஜோவிட்டாவா, கிளாஸ்லயே நல்லா வாசிக்கிறது அவதான சார்" என்றது. எந்தப் பிள்ளையைச் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சம்பளம் வாங்குகிறார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சத்தம்.

எழுந்து கால் சத்தம் இல்லாமல் பின்கதவு வரைக்கும் போனேன். கதவில் ஒரு விரிசல் உண்டு. ரோஸ்லின் கழுவுகிற கல்லில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான் வாங்கிக் கொடுத்த புத்தகம். உப்பு ஏற்றிக்கொண்டு போகிற கப்பலில் ஒரு கழுதை கள்ளத்தனமாக ஏறிவிடுகிற கதை. காலையில் என் முன்னால் முதல் பக்கத்தைத் தாண்டாத புத்தகம் அது. இங்கே நாற்பதாவது பக்கத்தில் நின்றது. கழுதைக் குரல், கேப்டன் குரல், கடற்காற்றுக்கு ஒரு குரல். ஒரு தடங்கல் கிடையாது. ரோஸ்லின் சிரித்துச் சிரித்து மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்போது பிள்ளை சொன்னாள். "மெதுவாச் சிரிம்மா. அப்பா முழிச்சா வாசிக்கச் சொல்லிருவாங்க."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் பேசும். எனக்கு அந்த நேரத்தில் உடம்பெல்லாம் ஒரே சந்தோஷம். முப்பத்திரண்டு வருஷப் பழிக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. என் வீட்டுப் பின்பக்கத்திலேயே தீட்டித் தயாராக இருந்திருக்கிறது. மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. லிகோரியின் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

எங்கள் கோயிலில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு திருநாளும் ஒரு கூட்டத்தாருக்கு. வலைக்காரர்களுக்கு ஒரு நாள், லாரிக்காரர்களுக்கு ஒரு நாள். ஏழாம் திருநாள் ஐஸ் கம்பெனித் தொழிலாளர்களுக்கு. மற்ற நாட்களில் யார் வாசகம் வாசிப்பது என்பது லிகோரி கையில். பாட்டுக் குழுவை எப்போதோ விட்டுவிட்டான், ஆனால் வாசகர் குழுவுக்கும் மைக் செட்டுக்கும் இன்னும் அவன்தான் பொறுப்பு. ஏழாம் திருநாளுக்கு மட்டும் ஆளைச் சொல்கிற உரிமை எங்களுடையது. புதுப் பங்குச் சாமியாரிடம் போனேன். அவருக்குப் பழங்கதை தெரியாது. என் மகள் வாசிப்பாள், வாசகம் இது என்றேன். பிள்ளை ஆசைப்பட்டால் வாசிக்கட்டும் என்றார். ஆசைப்படுகிறாள் என்று சொன்னேன்.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். பின்பக்கத்தில் வாசித்ததை நான் கேட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி இரண்டு பேரும். நான் பாராட்டத்தானே செய்தேன்.

இரண்டு வாரம் ஒரே வாசகம். காலையில் முப்பது தடவை. அந்தப் பெயரை மட்டும் தனியாக ஐம்பது தடவை. அவளுக்கு அது முதல் தடவையே வந்துவிட்டது. வந்தாலும் விடக்கூடாது அல்லவா. தூங்கும்போதுகூடச் சொல்கிறாள் என்று ரோஸ்லின் சொன்னாள். நல்லது என்றேன்.

ஏழாம் திருநாள். கோயில் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் ஆள். நான் முன்வரிசையில் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். லிகோரி பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்து, "மகளா ராசா" என்று கேட்டான். ஆமாம் அண்ணே என்றேன். வாய் அண்ணே என்றுதான் சொல்லும். உள்ளே இருப்பது வேறு.

பிள்ளை ஏறினாள். வெள்ளைக் கவுன். வாசக மேடைக்குப் பின்னால் முக்காலி போட்டிருந்தார்கள், ஏறி நின்றாள். தொடங்கினாள். என்ன குரல், அண்ணாச்சி. கழுதைக்குக் கொடுத்த அளவுக்கு இல்லை என்றாலும் நல்ல குரல். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். ஏழு வரி முடிந்தது. எட்டாவது வரி.

நின்றுவிட்டாள்.

அவள் ஏன் நின்றாள் என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் தகராறு. மைக் கீச்சென்று கத்தியதாம். கத்தி முடியட்டும் என்று பிள்ளை நிறுத்தினாளாம். கோயில் முழுக்கக் காதைப் பொத்தியதாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அவள் நின்றதுதான். எட்டாவது வரி. அதே இடம். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது.

லிகோரியின் கை. அதே கை. மைக்கைச் சரி செய்ய வந்தான் என்கிறார்கள். இருக்கலாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலும் சரி செய்யத்தான் வந்திருப்பான்.

எப்படி எழுந்தேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவன் கையைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடுங்கினேன். என் பக்கம் திருப்பினேன். அந்த ராஜாவின் பெயரைச் சொன்னேன். வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும், கோயிலைத் தாண்டிக் கடைத்தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எட்டாவது வரி, ஒன்பதாவது வரி, பத்தாவது வரி. ஒரு தப்பு கிடையாது, அண்ணாச்சி. மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டேன். கடைசி வரைக்கும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். லிகோரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் நான் நினைத்து வைத்திருந்தது எதுவும் இல்லை. "நல்லா வாசிச்ச ராசா" என்று மெதுவாகச் சொன்னான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை அந்த முகத்தில்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். பிள்ளை முக்காலியிலிருந்து இறங்கி, என் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கவுனோடு. எந்தப் பக்கமாக இறங்குவது என்று தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

அது லிகோரி வந்ததால்தான். அவன் கை வராமல் இருந்திருந்தால் நான் ஏன் ஏறுகிறேன். இதை ரோஸ்லினிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பிள்ளை கையிலிருந்து நான் பிடுங்கவில்லை, அவன் கையிலிருந்து பிடுங்கினேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தக் கழுதை கத பாதியில நிக்கி."

இன்றோடு இருபத்து மூன்று நாள். பின்பக்கத்தில் சத்தமே இல்லை. காலையில் உட்காரவைத்தபோது பிள்ளை நான் சொன்ன பக்கத்தை வாசித்தாள். தப்பே இல்லாமல் வாசித்தாள், எழுத்து எழுத்தாக, ஒரே குரலில். கழுதைக்கும் அந்தக் குரல்தான், கேப்டனுக்கும் அந்தக் குரல்தான். முதலிலிருந்து வாசி என்று சொல்ல எனக்கு ஒரு இடமும் கொடுக்கவில்லை. நாலு நாளில் நானே காலை வாசிப்பை நிறுத்திவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், தப்பில்லாமல் வாசிக்கிற பிள்ளையிடம் என்ன குறை சொல்வது.

போன வாரம் ரோஸ்லினிடம் கேட்டேன். கழுதை என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் நான் வாசித்துச் சொல்கிறேன், எனக்கு முடிவு தெரியும் என்றேன். கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷத்தில் அவளுக்கு ஒரு வரி வாசித்துக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தட்டுப்பட்டது. "நீங்க வாசிச்சா எனக்கு வேண்டாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீன் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதிலிருந்து பகலில் தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கே எழுந்து முன்வாசலுக்கு வந்துவிடுகிறேன். சாயங்காலக் குழம்புக்கு உள்ளி கிடக்கும், உரித்து வைக்கிறேன். யார் உரித்தது என்று அவள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

லிகோரியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷமும் ஏழாம் திருநாள் வரும். அதற்குள்...

இருங்கள். கொஞ்சம் இருங்கள்.

கேட்கிறதா. பின்பக்கம். பையை அசைக்காதீர்கள், பிளாஸ்டிக் சத்தம் போடும்.

வாசிக்கிறார்கள்.

பிள்ளை குரல் இல்லையே இது. இது ரோஸ்லின். ரோஸ்லின்தான். "க... ழு... தை." கேட்டீர்களா, மூன்று எழுத்துக்கு மூன்று மூச்சு. "கழுதை மூ... மூட்டைக்குப் பின்னால்..." எப்போதிருந்து இது நடக்கிறது. எனக்குத் தெரியாமல் எப்போதிருந்து. நான் பின்கதவுப் பக்கம் போகவே இல்லையே இத்தனை நாளாக.

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். "ம். ம். சரிம்மா." அவ்வளவுதான் சொல்கிறாள். "ம். அடுத்தது."

இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கதையின் தொடக்கத்தில் கேப்டன் கழுதையைக் கண்டுபிடிக்கிற இடம். இப்போது வரப்போகிற வரியில்தான், அதைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவன் உத்தரவு போடுவான். கொஞ்சம் நீளமான வரி. பார்ப்போம். "கேப்டன்... மூட்டையை... விலக்கி... பார்த்தான்." சரி. அடுத்த வரி. அடுத்த வரிதான். "கழுதை... தலையை... ஆட்டியது."

தாண்டிவிட்டாள், அண்ணாச்சி. ஒரு வரியை அப்படியே தாண்டிவிட்டாள். விரல் கீழே இறங்கியிருக்கும். கடலில் போடச் சொல்கிற வரியே வரவில்லை. பிள்ளைக்குத் தெரியும். தெரியாமல் இருக்காது, புத்தகம் முழுக்கத் தெரியும் அவளுக்கு. இப்போது சொல்வாள் பாருங்கள். முதலிலிருந்து...

"சரிம்மா. அடுத்தது."

அப்படியே விட்டுவிட்டாள்.

சிரிக்கிறார்கள். கேட்கிறதா. பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை.

அந்த வரி இல்லாமலும் கதை போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் அந்தப் புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். இல்லை, என் கையில் கொடுக்காதீர்கள். அந்த ஜன்னல் கட்டையில் வையுங்கள். போகும்போது கதவைச் சாத்த வேண்டாம், கீல் கத்தும். நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன். பாதி உள்ளி அப்படியே கிடக்கிறது, உரிக்க வேண்டும்.